எந்த மாதத்தில் கேட்டீர்கள்?

"கிராமத்து ஜனங்களுக்கு மூலிகையெல்லாம் மறந்துவிட்டது" என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். கூட்டங்களில் பேசுகிறார்கள், பத்திரிகையில் எழுதுகிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் பெருமூச்சு விடுகிறார். அப்படிச் சொல்பவரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: எந்த மாதத்தில் போய்க் கேட்டீர்கள்?

குதர்க்கம் பேசுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். சர்க்கார் குமாஸ்தாவாகக் காலம் முழுவதும் கோப்பு கட்டியவன் நான். தேதி இல்லாத காகிதத்துக்கு மதிப்பில்லை என்பது அந்த வேலையின் முதல் பாடம். மூலிகைப் பட்டியலுக்கும் அது பொருந்தும். 300 வருஷத்துக்கு முன்பே இதைத் தெரிந்து நடந்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சரித்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1670-களில் கொச்சி டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. மலையாளக் கரைக்குத் தளபதியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். அந்த நாட்டின் மரம், செடி, கொடிகளைப் படத்தோடும் மருந்துக் குணத்தோடும் பதிவு செய்ய வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. அந்த முயற்சியில் பிறந்ததுதான் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற லத்தீன் நூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சோடு கொஞ்சம் லத்தீனும் எங்களுக்குப் போதித்தார்கள். அந்தப் பழக்கத்தில் இதன் சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். தாவரத்தின் பெயர் மலையாள எழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது மனசுக்கு ஒரு நிறைவு.

வான் ரீட் தனியாளாகச் செய்த வேலை அல்ல அது. சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் குடும்பத்து வைத்திய அறிவைச் சொல்லித் தந்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களும் துணை நின்றார்கள். இவர்கள் தந்த சான்றுரைகள் 1675-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கின்றன. லத்தீனுக்குள் பூட்டிக் கிடந்த இந்த நூலைப் பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்தில் கொண்டு வந்தார். 2003 முதல் கேரளப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது.

நான் சொல்ல வந்தது இதன் வேலைமுறையைப் பற்றி. வான் ரீட் தம் முன்னுரையில் அதை விவரிக்கிறார். வைத்தியர்கள் முதலில் நன்கு அறிந்த தாவரங்களின் பெயர்களைத் தத்தம் மொழியில் பட்டியல் போட்டார்கள். பிறகு வேறு சிலர் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பிரித்து எழுதினார்கள். எந்தப் பருவத்தில் எந்தச் செடி இலையாலோ பூவாலோ காயாலோ கண்ணில் படுகிறது என்பதுதான் அவர்கள் பிரித்த முறை. இந்தப் பருவப் பட்டியலைக் கையில் கொடுத்துத்தான் ஆட்களைக் காட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கொண்டு வந்ததை ஓவியர்கள் வாடுவதற்கு முன்னால் வரைந்தார்கள்.

அகராதி போல எழுத்து வரிசையில் வைத்திருக்கலாம், நோய் வரிசையில் வைத்திருக்கலாம். வேலை செய்வதற்கென்று அந்த வைத்தியர்கள் எடுத்துக்கொண்டது பருவ வரிசையை. செடி கண்ணில் படும் காலத்தில்தான் அதைத் தேட முடியும், பறிக்க முடியும், அடையாளம் சொல்ல முடியும். 'சரக சம்ஹிதை'யும் மருந்துச் சரக்கைச் சேகரிக்கும் காலத்தைப் பகுத்துச் சொல்கிறது. இலைக்கு மழைக்காலமும் வசந்தமும், பட்டைக்கும் கிழங்குக்கும் சரத்காலம், பூவுக்கும் காய்க்கும் அதனதன் பருவம் என்று போகும் அந்தக் கணக்கு. ஆகவே பருவத்தோடு சேர்த்துச் செடியை நினைப்பது நம் வைத்தியத்தில் பழைய வழக்கம்.

படிப்பில்லாத ஜனங்கள் இந்தக் கணக்கை எப்படி வைத்துக்கொண்டார்கள்? பண்டிகையில் முடிந்து வைத்தார்கள். மலையாளத்தில் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, அடைமழைக் காலம். அந்த மாதத்தில் மருந்துக் கஞ்சி குடிப்பார்கள், 'தசபுஷ்பம்' என்று பத்துச் செடிகளைப் பறித்து வைப்பார்கள். அந்தப் பத்தில் அருகு உண்டு, கரிசலாங்கண்ணி உண்டு, முடக்கத்தான் உண்டு, சிறுபீளை உண்டு. வீட்டுப் பெண்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இவற்றைத் தேடி எடுத்தே ஆக வேண்டும்.

இந்தச் சிறுபீளையைத்தான் நம் பக்கத்தில் பூளைப்பூ என்கிறோம். பொங்கல் சமயத்தில் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுகிற ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. ஒரே செடி மலையாளத்தில் ஆடியில் நினைவுக்கு வருகிறது, இங்கே மார்கழி முடிந்து தை பிறக்கும்போது வருகிறது. காரணம் மழைதான். அவர்களுக்குத் தென்மேற்கு, நமக்கு வடகிழக்கு. அவர்கள் கரை பச்சைப்பசேல் என்று நிற்கும் ஆனி ஆடியில் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் வரப்பெல்லாம் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் நம் மண் வாயைத் திறக்கும்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு 21 வகைப் பத்திரம் பறிக்கிறோம். அதில் நாயுருவி, ஊமத்தை, எருக்கு, நொச்சி, கண்டங்கத்திரி எல்லாம் உண்டு. சித்திரை வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூவைச் சேர்க்கிறோம். பக்தியோடு பக்தியாகப் பையன்களுக்கும் பெண்களுக்கும் செடியை அடையாளம் காட்டும் பாடமும் நடந்துவிடுகிறது. இன்று அந்த 21-ஐயும் கட்டாகக் கட்டிப் பெரிய மார்க்கெட் வாசலில் விற்கிறார்கள். பூஜை நடக்கிறது, பாடம் நின்றுவிட்டது.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய சங்கதி என்று எண்ண வேண்டாம். பிரான்சில் மருந்துச் செடிகளுக்குப் பழைய பெயர் 'சேம்ப்ல்'. ஜூன் 24, புனித அருளப்பர் திருநாள். அன்று பறிக்கும் மூலிகைக்குச் சக்தி அதிகம் என்பது அந்த நாட்டுக் குடியானவர் நம்பிக்கை. ஒரு காரியத்துக்கு எல்லா வழியையும் பிரயோகித்துப் பார்த்தவனை 'அருளப்பர் மூலிகை அத்தனையும் போட்டுப் பார்த்துவிட்டான்' என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். அப்போது எங்களுக்கு அது வெறும் மரபுத்தொடர். அங்கே அது கோடையின் தொடக்கம், செடிகள் பூத்து நிற்கும் நேரம் என்பது பின்னால்தான் விளங்கிற்று.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் கோயில் திருநாட்களையெல்லாம் எடுத்துவிட்டு, 1793-இல் ஒரு புதுப் பஞ்சாங்கம் கொண்டு வந்தார்கள். அதில் அநேகமாக ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செடி அல்லது விளைபொருளின் பெயர். ஐந்தாம் நாளுக்குப் பிராணி, பத்தாம் நாளுக்கு உழவுக் கருவி. 'வாந்தோஸ்' என்ற காற்று மாதம் பிப்ரவரி 19-ஐ ஒட்டிப் பிறக்கும். அதன் முதல் நாளுக்கு 'துஸ்ஸிலாழ்' என்று பெயர். இருமலுக்குக் கொடுக்கிற செடி அது. அந்தக் குளிர் முடிவில்தான் இலைக்கு முன்னால் அதன் மஞ்சள் பூ எட்டிப் பார்க்கும். 1805 முடிவோடு அந்தப் பஞ்சாங்கம் போய்விட்டது. ஆனாலும் ஜனங்களின் ஞாபகம் எதில் தொங்குகிறது என்பதை அதைப் போட்டவர்கள் சரியாகவே பிடித்திருந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1970-களின் கடைசியில் நான் இளநிலை எழுத்தராக இருந்தபோது, கிராமங்களில் வழக்கத்தில் உள்ள கைவைத்தியங்களைக் கேட்டு எழுதும்படி ஒரு படிவம் வந்தது. பாகூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றுக்கு ஓர் அதிகாரியோடு என்னையும் அனுப்பினார்கள். சித்திரை மாதம், அக்கினி நட்சத்திரத்துக்குச் சில நாள் முன்பு. ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கும் ஓர் ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்து, "உனக்குத் தெரிந்த மூலிகையெல்லாம் சொல்லும்மா" என்றார் அதிகாரி.

ஆயா யோசித்து யோசித்துச் சொன்னார். வேம்பு, துளசி, ஆடாதொடை, நொச்சி, பிரண்டை, கற்றாழை, எருக்கு. அதோடு நின்றுவிட்டார். "இன்னும் இருக்கும் ஐயா, வாய்க்கு வர மாட்டேங்குது" என்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'பாரம்பரிய அறிவு பெரிதும் மறைந்துவிட்டது' என்று எழுதச் சொன்னார். கோப்பு மேலே போயிற்று.

அதே வருஷம் கார்த்திகையில் வெள்ள நிவாரணக் கணக்கு எடுக்க அதே கிராமத்துக்குப் போனேன். வெள்ளம் வடிந்து, ஏரி நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது. இடிந்த வீடுகளைக் காட்ட அந்த ஆயாதான் வரப்பு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே குனிந்து குனிந்து சொல்லிக்கொண்டு வந்தார். "இது கீழாநெல்லி தம்பி, காமாலைக்கு மோரில் அரைச்சுக் குடுப்போம். இது கையாந்தகரை, தலைக்கு எண்ணெய் காய்ச்சலாம். அதோ வேலியிலே போகுதே, முடக்கத்தான், முட்டி வலிக்கு. இது மூக்கிரட்டை. இது அம்மான் பச்சரிசி, பால் சுரக்கும். ஏரிக் கரையிலே முள்ளு முள்ளா நிக்குது பார், நீர்முள்ளி, வீக்கத்துக்கு." தும்பை, குப்பைமேனி, முசுமுசுக்கை, தூதுவளை, வல்லாரை என்று நடை முடியும்வரை பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது.

"சித்திரையிலே இதையெல்லாம் சொல்லலையே ஆயா?" என்றேன்.

"அப்போ இதெல்லாம் எங்கே இருந்துச்சு தம்பி?" என்றார்.

அந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு விஷயம் புரிந்தது. சித்திரையில் வந்த பெயர்கள் எல்லாம் மரம், புதர், வேலி, கொல்லைத் தொட்டி. வருஷம் முழுவதும் நிற்பவை. கார்த்திகையில் வந்தவற்றில் பெரும்பாலானவை மழைக்கு முளைத்தோ தழைத்தோ எழுந்து, வெயிலுக்குக் காய்ந்து போகிறவை. சித்திரையில் அவை விதையாகவோ வேராகவோ மண்ணுக்குள் கிடந்தன. பெயர்களும் அப்படியே ஆயாவின் மனசுக்குள் கிடந்தன. திண்ணையில் உட்கார்ந்து நினைவுபடுத்திச் சொல்வது ஒன்று, கண்ணால் கண்டு 'இதுதான்' என்பது இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மட்டுமல்ல, நமக்கும் அப்படித்தான். பழைய சகாவின் பெயர் முகத்தைப் பார்த்தால்தானே வருகிறது?

இதை ஒரு குறிப்பாக எழுதி மேலே அனுப்பினேன். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. ஆயா 'மறந்துவிட்டவர்' என்றே காகிதத்தில் நிற்கிறார்.

பின்னாளில் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞரின் எழுத்தைப் படித்தேன். 1970-களில் வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வில் பங்கு கொண்டவர். 1983-இல் வெளிவந்த தம் நூலில், வெளியிலிருந்து கிராமத்தைப் பார்க்கப் போகிறவர்களின் பார்வைக் கோளாறுகளை வரிசைப்படுத்துகிறார். தார் ரோட்டை ஒட்டிய வீடுகளையே பார்ப்பது ஒன்று, மழை இல்லாத மாதங்களிலேயே போவது இன்னொன்று. மழைக்காலத்தில் பாதை சேறு, ஜீப் போகாது. ஆகவே ஏழையின் கஷ்டம் மிகுந்த மாதங்கள் அதிகாரியின் கண்ணில் படுவதே இல்லை என்பது அவர் வாதம். அதை அவர் வறுமையைப் பற்றிச் சொன்னார். மூலிகைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. செடி முளைத்திருக்கும் மாதத்தில் கணக்கெடுப்பவர் வருவதில்லை, அவர் வரும் மாதத்தில் செடி இருப்பதில்லை.

செடிக்கு மட்டுமல்ல, நோய்க்கும் பருவம் உண்டு. இரண்டு பருவமும் சேர்ந்து வந்தால் ஞாபகம் கெட்டியாக நிற்கும். சளி, இருமல் மார்கழிப் பனியில் வருகிறது, தூதுவளையும் அப்போது தளதளவென்று வேலியில் ஏறி நிற்கிறது. அதை மறப்பது கடினம். சேராவிட்டால்? காமாலை கோடையிலும் வரும், கீழாநெல்லி தண்ணீர் பாயும் கொல்லை தவிர வேறெங்கும் அப்போது கிடைக்காது. அதற்காகத்தான் நிழலில் காயவைத்து முடிந்து வைத்தார்கள். வேப்பம்பூ, சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல் எல்லாம் பானையில் கிடந்தன. அந்தப் பானை மருந்தை மட்டுமா காப்பாற்றியது? திறக்கும்போதெல்லாம் பெயரையும் நினைவூட்டியது. இன்று நாட்டு மருந்துக் கடையில் எந்த நாளும் எந்தப் பொடியும் பாக்கெட்டில் கிடைக்கிறது. 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது நிலவேம்பைத் தேடி எத்தனை பேர் ஓடினோம்! கஷாயம் குடித்தவர்களில் செடியை நேரில் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

அப்படியானால் உண்மையான மறதியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. சித்திரையில் வராத பெயர் கார்த்திகையில் வந்தால், அது தூங்கிய ஞாபகம். கார்த்திகையில் வரப்பில் நடந்தும் வரவில்லை என்றால்தான் அது போய்விட்டது. ஏரிக் கரைக்குச் சிமெண்ட் பூசினால் நீர்முள்ளிக்கு இடமில்லை. வரப்புக்குக் களைக்கொல்லி அடித்தால் கையாந்தகரை தலை தூக்காது. வயல் மனையானால் கீழாநெல்லியும் போயிற்று. அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் அந்தப் பெயருக்குப் பருவம் வராது. வருஷா வருஷம் குனிந்து காட்ட ஒன்றும் இல்லாதபோது, பேத்தி எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள்? இந்த மறதி ஜனங்களிடம் தொடங்கவில்லை, நிலத்தில் தொடங்கியது. 'மக்கள் மறந்துவிட்டார்கள்' என்று எழுதிவிட்டால் ஏரியைப் பற்றி யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. என் ஆதங்கம் இதுதான்.

எங்கள் ஊர் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கே உலர்த்திய தாவரங்களின் சேகரம் ஒன்று உண்டு. எந்த நாட்டு உலர்தாவரச் சேகரத்திலும் ஒரு கட்டாயம் இருக்கிறது. செடியை ஒட்டிய தாளின் ஓரத்தில் எங்கே, எந்தத் தேதியில், யார் பறித்தார் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாள் குப்பை. காய்ந்த செடிக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை உயிருள்ள மனிதர் சொல்லும் சொல்லுக்கும் கொடுக்கலாம் அல்லவா?

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ சொந்த கிராமத்திலோ விஷயம் தெரிந்த ஆயாவோ தாத்தாவோ இருந்தால், ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு போங்கள். நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்க வேண்டாம். முடிந்தால் கொல்லை வரைக்கும், வாய்க்கால் வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிப் போங்கள். நடக்க முடியாதவரானால் நாலு செடியைப் பறித்துக் கொண்டு வந்து மடியில் போடுங்கள். பங்குனியில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை. பெயருக்குப் பக்கத்தில் மாதத்தையும் இடத்தையும் குறித்து வையுங்கள். மருந்தாக எடுத்துக்கொள்வதானால் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கும் செடிகள் அநேகம்.

வருகிற ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் அந்த நடையைத் தொடங்கிவிடுங்கள். நமக்கும் மூட்டு வலி, அவர்களுக்கும் மூட்டு வலி. முடக்கத்தான் அப்போதுதான் வேலியில் ஏறியிருக்கும்.